ஊதா ஒயர்

சக்ரபாணியின் உடம்பில் சொன்னபடி கேட்பதற்கென்று கடைசியில் மிஞ்சியது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். மூன்று வருஷத்தில் கால், இடுப்பு, தோள், நாக்கு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயிருந்தன. நரம்புகள் பட்டுப்போகிற வியாதி என்றும், இதற்கு மருந்து கிடையாது என்றும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியில் சொன்னதை ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்பது சக்ரபாணியின் மனைவி பட்டுவுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

ஹப்சிகுடா எட்டாம் நம்பர் தெருவில் முதல் மாடி வீடு. ஒரே பெண் ஹம்ஸினி கல்யாணமாகிக் குகட்பள்ளியில் இருந்தாள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. வாரக் கடைசியில் வருவாள். சக்ரபாணி பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். அவர் ராக்கெட் செய்கிறார் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவர் செய்தது பவர் சப்ளை. கருவிகளுக்குச் சீராக மின்சாரம் கொடுக்கிற டப்பா, அவ்வளவுதான். அந்த டப்பா சரியில்லை என்றால் மேலே இருக்கிற எதுவும் எழுந்திருக்காது என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பும் போன பிறகுதான் வீட்டில் கம்ப்யூட்டர் ஒரு சாமானாக இல்லாமல் ஆளாக ஆனது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தவன் மல்காஜ்கிரி டேனியல். அவன் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். கை வேலை ரத்தத்தில் இருந்தது. நாக்கு போனதும் அவனைத்தான் ஹம்ஸினி கூப்பிட்டாள். திரையில் எழுத்துப் பலகை ஒன்று தெரியும். அதன் வரிசைகள் ஒவ்வொன்றாக நீலமாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது அழுத்தினால் அந்த வரிசையின் எழுத்துகள் ஒளிரத் தொடங்கும். வேண்டிய எழுத்து வரும்போது இன்னொரு அழுத்தல். ஆனால் மௌஸை அழுத்துகிற பலம் அந்த விரலுக்கு இல்லை. டேனியல் மௌஸைப் பிரித்து, உள்ளிருந்து இரண்டு ஒயரை இழுத்து, தொட்டாலே போதும் என்கிற மாதிரி ஒரு சின்ன சுவிட்சில் சேர்த்துப் பற்றவைத்து, அதைக் கட்டில் விளிம்பில் விரலுக்குக் கீழே ஒட்டிக்கொடுத்தான். சக்ரபாணி முதலில் எழுதியது டேனியலுக்கு நன்றி. அதற்கு நான்கு நிமிஷம் ஆயிற்று. ஆங்கில எழுத்தில் தமிழ். டேனியல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த ஒயரை இன்னொரு தடவை சரிசெய்தான்.

வரிசைகள் ஒளிர்வதற்காகக் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதில்தான் சங்கடம். 2011 கோடையில் கரண்ட் தினமும் காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம் போனது. இருந்த இன்வெர்ட்டர் அவருக்கு மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்கிற மெஷினுக்கும் ஃபேனுக்கும்தான் காணும். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ். கம்ப்யூட்டர் ஓடினால் அது இருபது நிமிஷம் தாங்கும். அதனால் டேனியல் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தான். கரண்ட் போனதும் கீபோர்டில் நிலாப் படம் போட்ட பொத்தானை அழுத்திக் கம்ப்யூட்டரைத் தூங்கவைத்துவிட வேண்டும். தூக்கத்தில் அது மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும். சக்ரபாணிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் விரலை அழுத்துவார், அது விழித்துக்கொள்ளும், சொல்லி முடித்ததும் மறுபடி தூங்கவைக்கலாம். மார்ச் முழுக்க இது ஒழுங்காக நடந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் பட்டு அடுப்படியில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தபோது கம்ப்யூட்டரின் விசிறி இரைந்துகொண்டிருந்தது, திரை கறுப்பாக இருந்தது. கணவரின் விரல் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கன்னத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அது அடிக்கடி நடந்தது. சில நாள் கறுப்புத் திரை, சில நாள் நீலத் திரையில் வெள்ளை எழுத்து. பட்டனைப் பிடித்து அணைத்துப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் பழையபடி வந்துவிடும். ஆனால் அதற்கு யாராவது வந்து அணைத்துப் போட வேண்டும்.

பட்டு பி.ஏ. படித்தவள், ஆனால் அதுவரை கம்ப்யூட்டரைத் துடைத்ததோடு சரி. ஹம்ஸினி ஆபீஸிலிருந்து போனில் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். எந்த எழுத்து வந்தது என்று படித்துச் சொன்னாள். டிரைவர் என்று எதையோ நீக்கி, எதையோ இறக்கினாள். ஒரு வாரம் ஒன்றைச் செய்து பார்ப்பார்கள், இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி விழும். டேனியல் ஒரு தடவை வந்து நினைவுச் சில்லைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டான். அடுத்த தடவை வேறு சில்லே மாற்றினான். பட்டு பழைய டைரியில் ஒவ்வொரு தூக்கத்தையும் எழுதிவந்தாள்: எத்தனை மணிக்குத் தூங்கியது, எப்போது எழுப்பினார், எழுந்ததா இல்லையா. மே மாசக் கடைசியில் அதைப் பார்த்து அவளே ஒன்று கண்டுபிடித்தாள். பத்து நிமிஷத்துக்குள் எழுப்பினால் ஒரு தடவைகூட விழவில்லை. அரை மணிக்கு மேல் தூங்கினால் மூன்றில் இரண்டு தடவை விழுகிறது.

அதைக் கணவரிடம் படித்துக் காட்டினாள். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. விரல் அழுத்தத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் திரையில் இருந்தது இது: ஸ்டாண்ட்பை வோல்ட் பாக்கச் சொல்லு. ஊதா ஒயர்.

அவள் அதை அப்படியே ஹம்ஸினியிடம் சொன்னாள்.

"அம்மா, அப்பா ட்ரான்ஸ்ஃபார்மர் காலத்து மனுஷர். இது சாஃப்ட்வேர் இஷ்யூ, ஹார்டுவேர் காது, அது இல்லவே இல்லை. நான் சனிக்கிழமை வந்து ஃபுல்லா ஃபார்மட் பண்றேன். நீ அந்த ஒயரெல்லாம் நக்கோ, வேண்டாம், ஒண்ணும் தொடாதே" என்றாள் ஹம்ஸினி.

சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டாள். வேர்க்க விறுவிறுக்க ஐந்து மணி நேர வேலை. அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் 'குட்' என்று எழுதினார். திங்கட்கிழமை மறுபடி விழுந்தது. அதை ஹம்ஸினியிடம் உடனே சொல்ல பட்டுவுக்கு மனம் வரவில்லை.

ஜூன் பிறந்ததும் அவருக்கு மூச்சு வாங்குவது அதிகமானது. முன்பு ராத்திரியிலும் பகலில் விட்டு விட்டும் போட்ட மாஸ்க் பகல் முழுக்க ஏறியது. பரிசோதனைக்குப் போனபோது, இனி ஒரு நாள் இந்த மாஸ்க் போதாமல் போகும், அப்போது தொண்டையில் துளைபோட்டு மெஷினோடு இணைப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பமாகப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். காரில் திரும்பும்போது ஹம்ஸினி, அதில் பேச என்ன இருக்கிறது, போட்டுத்தானே ஆக வேண்டும் என்றாள். பட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்க முடியும். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. ஆனால் கண்ணால் சொல்வதற்குக் கேள்வி வேண்டும். யாரும் கேட்காததைச் சொல்வதற்கு அவருக்கு இருந்தது அந்த விரலும் அந்தக் கம்ப்யூட்டரும்தான். எழுத்துகளை வரிசையாக வாயால் சொல்லி, வேண்டிய இடத்தில் கண்ணை மூடச் சொல்லி ஒரு வாரம் முயன்று பார்த்திருந்தாள் பட்டு. இமை அவர் நினைத்த கணத்தில் மூடவில்லை, எழுத்து தாண்டிப்போய்விடும். இரண்டு பேருக்கும் அழுகை வந்ததுதான் மிச்சம்.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவர் எழுதத் தொடங்கினார். பட்டு குளிப்பாட்டித் துடைத்து, புதுத் துண்டு விரித்துவிட்டு, பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தாள். ஒன்பதே காலுக்கு அவர் நிறுத்தியபோது நிமிர்ந்து படித்தாள்.

தொண்டைல ஓட்டை வேண்டாம். மெஷின் மூச்சு வேண்டாம். போறச்ச போறேன். ஹம்ஸிக்கு சொல்லிடு. நீ சொன்னா கேப்பா.

கீழே இன்னும் ஒரு சொல் இருந்தது: சேவ்.

வழக்கமாக அவர் எழுதுவதை யாரும் சேமிப்பதில்லை. பேசுகிற பேச்சை யார் எடுத்துவைப்பார்கள்? பட்டு கீரை ஒட்டின கையைப் புடவையில் துடைத்தபடி எழுந்தாள். இன்னொரு மௌஸ் கீபோர்டின் பின்னால் இருந்தது. அதை அவள் கையில் எடுத்தபோது கரண்ட் போனது. யூபிஎஸ் 'பீ பீ' என்று கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் அவள் கை எங்கே போகுமோ அங்கே போனது. நிலாப் பொத்தானை அழுத்திவிட்டாள். திரை அணைந்தது.

அணைந்த பிறகுதான் செய்தது உறைத்தது. உடனே, அந்த நிமிஷமே எழுப்பியிருந்தால் எழுந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும், அவளே கண்டுபிடித்ததுதான். ஆனால் வாசலில் கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டான். போய்க் கதவைத் திறந்தாள், ரசீது வாங்கினாள், காலி சிலிண்டரை உருட்டிக் கொடுத்தாள். திரும்ப வந்தவள் அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்பதை அதற்கப்புறம் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பதினைந்து நிமிஷம் இருக்கலாம், நாற்பது நிமிஷமும் இருக்கலாம். உள்ளே வந்து அவர் விரலைப் பார்த்தாள். அவர் அழுத்தினார். நீலத் திரை வந்தது.

சக்ரபாணி திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்னா, நான் படிச்சுட்டேன். மறுபடி எழுத வேண்டாம், சிரமம். சனிக்கிழமை ஹம்ஸி வரச்சே நானே சொல்லிடறேன்."

அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஹம்ஸினியால் வர முடியவில்லை. ஆபீஸில் ஏதோ அவசரம் என்றாள். அடுத்த வாரம் பந்த். குகட்பள்ளியிலிருந்து ஒரு வண்டி நகரவில்லை. போனில் சொல்கிற விஷயமா இது என்று பட்டு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பந்த் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதுகைத் துடைக்கத் திருப்பியபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸில் போகும்போது அவள் அந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹம்ஸினி முன்னாலேயே வந்து நின்றிருந்தாள், ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க. இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து இருவரையும் உட்காரச் சொன்னார். இப்போது வாய் வழியாகக் குழாய் போட்டால் அப்புறம் தொண்டையில் துளை போட வேண்டிவரும் என்றும், பிறகு மெஷினை எடுக்கவே முடியாது என்றும், வேண்டாமென்றால் அவருக்குக் கஷ்டம் தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றும் நிதானமாகச் சொன்னார். நோயாளி இதைப் பற்றி முன்னால் ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார்.

ஹம்ஸினி அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்பா உன்கிட்ட எதானா சொன்னாரா? இதைப் பத்தி?"

பட்டுவுக்கு அந்த நேரத்தில் நினைவில் வந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நாளைக்குக் காலை ஆறு மணி வந்தது. ஆறு மணிக்கு ஒருக்களிக்க வைக்க வேண்டும், ஆறரைக்கு வாய் துடைக்க வேண்டும், ஏழு மணிக்கு மூக்குக் குழாயில் கஞ்சி. மூன்று வருஷமாக அவள் கை அந்த மணிக்கு அந்த வேலையைச் செய்துவந்தது. நாளைக்கு ஆறு மணிக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது?

"இல்லைடி. ஒண்ணும் சொல்லலை" என்றாள்.

ஹம்ஸினி கையெழுத்துப் போட்டாள்.

நாற்பத்திரண்டு நாள் கழித்து சக்ரபாணி வீட்டுக்கு வந்தார். தொண்டையில் குழாய், குழாயின் மறுமுனையில் மெஷின். பகலுக்கு ஒரு நர்ஸ், இரவுக்கு ஒரு நர்ஸ். மூச்சு இப்போது அவருடையதாக இல்லை; நிமிஷத்துக்குப் பதினான்கு தடவை மெஷின் நெஞ்சைத் தூக்கி இறக்கியது. ஆள் பார்க்க முன்னைவிடத் தெளிவாக இருந்தார். ரத்தத்தில் சேர்ந்திருந்த கெட்ட காற்று வெளியேறிவிட்டதால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அந்தத் தெளிவைத்தான் பட்டுவால் தாங்க முடியவில்லை. அறைக்குள் எங்கே போனாலும் அவர் கண் அவள்மேல் இருந்தது. அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் கண்ணால் பதில் சொன்னார். வலிக்கிறதா, திருப்பட்டுமா, வெளிச்சம் அதிகமா. ஒரு கேள்வியை மட்டும் அவள் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் மேஜைமேல் துண்டு போர்த்திக் கிடந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஹம்ஸினி அதைக் கவனித்தாள். விரலில் இன்னும் அசைவு இருக்கிறது, அப்பா பேச வேண்டாமா, ஏன் மூடிவைத்திருக்கிறாய் என்று கேட்டாள். கரண்ட் கட்டில் மறுபடி விழும், அவருக்கு வீண் அலைச்சல் என்றாள் பட்டு. அப்படியானால் டேனியல் வந்து தீர்த்துவைக்காமல் விடக்கூடாது என்று ஹம்ஸினி அங்கேயே அவனுக்குப் போன் செய்தாள்.

டேனியல் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தான். நர்ஸ் கீழே மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். கட்டிலில் இருந்தவரை அந்த நிலையில் முதல் தடவையாகப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, "நமஸ்தே சார்" என்றான். பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து, மீட்டரின் ஒரு முள்ளை ஊதா ஒயரில் வைத்தான். சார் அன்றைக்கே சொன்னாராமே மாமி, ஹம்ஸினி மேடம் முந்தாநாள்தான் சொன்னார்கள் என்றான். முதலில் நாலு புள்ளி எட்டு காட்டியது. அவன் மீட்டரைப் பிடித்தபடி காத்திருந்தான். பத்து நிமிஷத்தில் நாலரைக்கு இறங்கியது. இருபது நிமிஷத்தில் இன்னும் கீழே.

"பாருங்க மாமி. தூங்கும்போது இந்த ஒரு ஒயர்தான் ஞாபகத்தைப் புடிச்சு வச்சிருக்கும். அஞ்சு வோல்ட் வேணும். உள்ள கண்டென்சர் உப்பிப்போச்சு, சூடாக சூடாக இறங்குது. நான் மொதல்லயே மீட்டர் வச்சிருக்கணும். சில்லு மாத்தினேன், அது மாத்தினேன், இத பாக்கல. தப்பு என்னுது. புது சப்ளை போட்டா பத்து நிமிஷ வேலை, நாளைக்கே கொண்டாரேன்."

பட்டு அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். காபி கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள். நாளைக்கு வர வேண்டாம் என்றாள். மதர்போர்டே போய்விட்டது, இதைச் சரிசெய்ய முடியாது என்று ஹம்ஸினியிடம் சொல்லிவிடு என்றாள்.

டேனியலுக்குப் புரியவில்லை. காசு எதுவும் தர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அதற்காக இல்லை என்றாள். அவன் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது, மெஷின் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று அவனுக்கு எட்டியிருக்க வேண்டும்.

"பொய் சொல்லமாட்டேன் மாமி. நானா போய் எதையும் சொல்லவும் மாட்டேன். மேடம் கேட்டா, பார்ட் இன்னும் கைக்கு வரலைன்னு சொல்றேன். அது பத்து நாள் தாங்கும்."

மறுநாள் அவன் வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. ஒரு அட்டைப் பெட்டியை வாசலில் நீட்டினான். நாலு ஸ்க்ரூ, இரண்டு கனெக்டர். நீங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டீர்கள், நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பெட்டி பத்தொன்பது நாள் பீரோவின் மேல் இருந்தது. ஹம்ஸினி போன் செய்யும்போதெல்லாம் டேனியலைத் திட்டினாள். இந்த ஆட்களே இப்படித்தான் என்றாள். பட்டு, அவன்மேல் விழுந்த வசவு அது பாட்டுக்குப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

இருபதாம் நாள் நர்ஸ்தான் சொன்னாள். தெலுங்குக்காரப் பெண், கரீம்நகர் பக்கம். ஐயா விரல் எதையோ தட்டுகிறது ஆண்ட்டி, நடுக்கம் இல்லை, தாளம் போடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பட்டு போய்ப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். விரல் வெறும் துண்டின்மேல் அழுந்தியது, நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுந்தியது. எத்தனை மாசம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்! வரிசை வரக் காத்திருக்கிற நேரம் எவ்வளவு, எழுத்து வரக் காத்திருக்கிற நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாதா? அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

நர்ஸைச் சாப்பிடப் போகச் சொன்னாள். பீரோவின் மேலிருந்து பெட்டியை இறக்கினாள். பழைய சப்ளையைக் கழற்றும்போது ஒரு ஸ்க்ரூ இறுகிக்கொண்டு வரவில்லை. விரல் நுனி கிழிந்தது. புதியதைப் பொருத்தி, பெரிய கனெக்டரை அது 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினாள். போட்டதும் வந்தது. அதோடு விட்டுவிடவில்லை, பத்து மணிக்குத் தூங்கவைத்துப் பன்னிரண்டு மணிவரை தொடாமல் இருந்தாள். அந்த இரண்டு மணி நேரமும் அது எழுந்திருக்கக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். பன்னிரண்டு மணிக்கு சுவிட்சை அவர் விரலுக்குக் கீழே ஒட்டினாள். அவர் அழுத்தினார். திரை மறுகணமே விழித்துக்கொண்டது.

வரிசைகள் நீலமாக ஒளிர்ந்து இறங்கின. எஸ். ஓ. என். என். நான்காவது எழுத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முடிக்கும்வரை நின்றாள்.

சொன்னியா.

"சொல்லலை" என்றாள் பட்டு. "டாக்டர் கேட்டார், ஹம்ஸி கேட்டா. ஒண்ணும் சொல்லலைன்னுட்டேன். நீங்க எழுதினது நேக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. இருந்தும் சொல்லலை."

வரிசைகள் மேலிருந்து கீழே போயின. மறுபடி மேலிருந்து கீழே. அவர் அழுத்தவில்லை. மெஷின் அவர் நெஞ்சைத் தூக்கியது, இறக்கியது. பட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கோபப்படக்கூட அந்த முகத்தில் ஒரு தசை மிச்சமில்லை. எத்தனை சுற்று போயிற்றோ, பிறகு விரல் அழுந்தியது.

ஹம்ஸிக்கு தெரியுமா.

தெரியாது என்றாள்.

சொல்லாதே என்று எழுதினார்.

அவள் காத்திருந்தாள். தனக்கென்று ஒரு சொல் வரும் என்று நினைத்தாள். திட்டாகவே இருக்கட்டும், வந்தால் போதும் என்று இருந்தது. விரல் மறுபடி அசைந்தது. மூன்றே எழுத்து.

ஃபேன்.

அவள் எழுந்து போய் ரெகுலேட்டரை ஒரு புள்ளி கூட்டிவைத்தாள்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒரு நாள்கூட விழவில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினாலும் விரல் பட்டதும் எழுந்தது. ஹம்ஸினி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நிறைய எழுதினார். ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டார், மாப்பிள்ளை இளைத்துவிட்டார் என்றார், அவள் சின்ன வயதில் மின்சார அடுப்பில் கைவைத்த கதையை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடித்தார். ஹம்ஸினி விழுந்து விழுந்து சிரித்தாள். வாரநாட்களில் பட்டுவுக்கு எழுதியது ஒற்றைச் சொற்கள். முதுகு. சளி. லைட். வெந்நீர். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, தீபாவளிக்கு முந்தின நாள், "என்கிட்ட பேசமாட்டேளா" என்று கேட்டாள். அவர் திரையைப் பார்த்தார். வரிசைகள் ஓடின. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தடவையா இரண்டு தடவையா என்று சொல்ல முடியாதபடி, மூடியது மூடியபடியே இருந்தார்.

ஜனவரியில் விரல் நின்றது. பிப்ரவரியில் இமையும் தளர்ந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே நினைவு இருக்கிறது, காதில் பேசுங்கள் என்றார். பட்டு தினமும் பேப்பர் படித்துக் காட்டினாள். ஆறு மணிக்கு ஒருக்களித்தாள், ஆறரைக்கு வாய் துடைத்தாள், ஏழு மணிக்குக் கஞ்சி கொடுத்தாள். கை வேலை செய்தது. ஏழு மாசம் அப்படிப் போயிற்று. ஆகஸ்ட்டில் ஒரு மத்தியானம் காய்ச்சல் ஏறி, மறுநாள் மாலைக்குள் முடிந்துவிட்டது.

பதின்மூன்றாம் நாள் எல்லாம் ஆகி, வந்தவர்கள் கிளம்பிய பிறகு ஹம்ஸினி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டிலை எடுத்துவிட்டதால் அறை பெரிதாக இருந்தது.

"அம்மா, அன்னிக்கு அந்த டாக்டர் கேட்டப்ப வேண்டாம்னு சொல்லியிருந்தா இந்த ஒரு வருஷம் அப்பா இருந்திருக்கமாட்டார் இல்ல? சண்டே சண்டே எத்தனை பேசினார். நாம சரியாத்தானே பண்ணோம்?"

பட்டு மகளைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வயசு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, அப்பாவின் அதே மூக்கு. வாய்வரை வந்தது. சொல்லிவிட்டால் தன் பாரம் குறையும், அது எந்தத் தலையில் ஏறும் என்பதும் தெரிந்துதான் இருந்தது. அவர் அவளிடம் விட்டுப்போனதும் 'சொல்லாதே' என்கிற அந்த ஒரு சொல்தான்.

"சரியாத்தான் பண்ணோம்" என்றாள்.

ஹம்ஸினி தலையாட்டினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆறு மணிக்கு மேல் போனால் தார்நாக்காவிலேயே டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பையை எடுத்தாள். பட்டு மாடிப்படி வரை கூடப் போய், கார் திரும்பி மறைகிறவரை நின்றுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.